அம்மா துவக்குக் கடைக்குப் போன சனிக்கிழமை

பிள்ளை, இதை வாசிக்கிறபோது உனக்கு இருபது, இருபத்திரண்டு வயது இருக்கும். எங்கேயோ போகப் புறப்பட்டுக்கொண்டிருப்பாய். எங்கே என்று எனக்குத் தெரியாது. நான் வாசலில் மறித்துக்கொண்டு நிற்பேன் என்பது மட்டும் நன்றாகத் தெரியும். இப்போது உனக்கு மூன்று வயது. பக்கத்து அறையில் மத்தியானத் தூக்கத்தில் இருக்கிறாய், ஒரு காலுறை கழன்று தரையில் கிடக்கிறது. அம்மா வடக்கே, ஹட்சன் வளைகுடாவில் மரமே இல்லாத ஒரு தீவில், கூடாரத்தில் இருக்கிறாள். ஒவ்வொரு நாளும் நாங்கள் மத்தியானம் சாப்பிடுகிற நேரத்துக்கு செயற்கைக்கோள் கருவியிலிருந்து ஒரு சின்னச் செய்தி அனுப்புவாள். இன்றைக்கு நீ சாப்பிட்டு, சோற்றைத் தரையில் கொட்டி, அழுது, தூங்கியும் போனாய். செய்தி இன்னும் வரவில்லை. சும்மா இருந்தால் தொலைபேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பேன், அதனால் எழுதுகிறேன். இதை நாலு பேர் வாசிக்கிற இடத்தில் போடப் போகிறேன். பிறகொரு காலத்தில் 'நான் அப்படிச் சொல்லவே இல்லை' என்று உன்னிடம் சாதிக்க வழி இருக்கக் கூடாது.

அம்மாவின் வேலை உனக்குத் தெரிந்திருக்கும். கடல் வாத்துகளின் கூடுகளை எண்ணுவாள். இந்த வாரம் நீ பகல் பராமரிப்பு இல்லத்தில் போய், அம்மா கானார், அதாவது வாத்து, எண்ணப் போயிருக்கிறா என்று பிரெஞ்சில் சொல்லியிருக்கிறாய். அங்கே உன்னைப் பார்க்கிற பெண் என்னிடம், பிள்ளைக்கு நல்ல கற்பனை என்றாள். கற்பனை இல்லை என்று விளங்கப்படுத்தினேன். வாத்து முட்டையிடுகிற தீவுகளுக்கு, அந்த முட்டையைத் தின்ன, பனிக்கரடியும் நீந்தி வரும் என்பதை மட்டும் சொல்லவில்லை. கரடி வருகிற இடத்தில் கூடாரம் போட்டால் குழுவில் ஒருவருக்குத் துவக்குப் பிடித்துச் சுடத் தெரிந்திருக்க வேண்டும், அதற்கான அனுமதி அட்டையும் வேண்டும். இந்த முறை குழுவுக்கு அம்மாதான் பொறுப்பு, ஆகவே துவக்கும் அவள் பொறுப்பு. இங்கே மொன்ட்ரியாலில், கோட்-டெ-நெய்ஜில், ஆஸ்பத்திரித் தரை துடைத்துக்கொண்டே படித்தவள் அவள். முதல் தடவையாக அவள் பெயரில் ஒரு பயணம் வந்திருக்கிறது. அவளுடைய பேராசிரியை தெளிவாகவே சொல்லிவிட்டார்: இந்தக் கோடையில் முடியாது என்றால் அந்த இடம் வேறு ஒருவருக்குப் போகும், அடுத்த கோடையிலும் அவருக்குத்தான்.

எனக்கு அவள் போவதில் விருப்பமில்லை. அதை அப்படியே சொல்லியிருந்தால் இந்தக் கடிதமே தேவையில்லை. நான் காரணங்கள் சொன்னேன். என் தொழில் உனக்குத் தெரியும்: விமானத்தின் சக்கரக் கால்களை இயந்திரத்தில் பூட்டி, அவை உடையும்வரை அழுத்தி, எங்கே வெடிப்பு விழுந்தது என்று பார்க்கிறவன். எது எப்படிப் பிழையாகிப்போகும் என்று யோசிக்கத்தான் எனக்குச் சம்பளம். சாப்பாட்டு மேசையில் பாண் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அடுக்கினேன். மூடுபனி என்றால் சின்ன விமானம் இறங்காது. கருவியின் பற்றரி குளிரில் படுத்துவிடும். கரடி கூடாரத்துக்குப் பின்பக்கமாக வந்தால் யார் பார்ப்பது? அம்மா உனக்குப் பருப்பு ஊட்டிக்கொண்டே கேட்டாள்.

"முடிஞ்சுதோ?"

"இன்னும் இருக்கு."

"அடுப்பை விட்டிட்டீங்கள். போன முறை போனதில ஒருத்திக்குக் காயம் பட்டது அடுப்பாலதான். கரடியால இல்லை."

"நான் பகிடிக்குச் சொல்லேல்லை."

"நானும் பகிடிக்குச் சொல்லேல்லை. கையைச் சுட்டுப்போட்டாள் பாவம்."

துவக்கு அனுமதிக்கு விண்ணப்பிக்கிறபோது கணவனோ மனைவியோ அதில் கையெழுத்து வைக்க ஓர் இடம் இருக்கிறது. அந்தத் தாளைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில், உன் பராமரிப்பு இல்லத்து அறிவித்தலுக்குக் கீழே காந்தத்தால் ஒட்டிவிட்டு, மறந்ததுபோல் இருந்தேன். அவள் அவசரப்படுத்தவே இல்லை. அது எனக்கு இன்னும் எரிச்சல். கடைசியில் நானே கேட்டேன், நான் வைக்காவிட்டால் என்ன செய்வீர் என்று. "நீங்கள் வைக்காட்டி அவையள் உங்களுக்கு ஒரு அறிவித்தல் அனுப்புவினம், அவ்வளவுதான். எனக்கு அட்டை வரும்," என்றாள். "பேந்து ஏன் என்னட்டைக் கேக்கிறீர்?" என்றேன். "அட்டைக்காகக் கேக்கேல்லை," என்றாள். பேனையை எடுத்துக் கையெழுத்து வைத்தேன். ஆனால் மனதுக்குள் வேறொரு கணக்குப் போட்டுக்கொண்டுதான் வைத்தேன்.

அந்தக் கணக்கு இதுதான். அம்மா மன்னாரில் பிறந்து வளர்ந்தவள். ஷெல் அடியில் ஊர்விட்டு ஊர் ஓடினவள், எதையெதைக் கண்டாள் என்று என்னிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை. இங்கே கோடையில் ஆற்றுப் பக்கம் வாணவேடிக்கை தொடங்கினால் சனமெல்லாம் பல்கனிக்கு வரும். அவள் மட்டும் குளியலறைக்குள் போய்க் காற்றாடியைப் போட்டு, குழாயையும் திறந்துவிட்டுக்கொண்டு நிற்பாள். நீயும் கண்டிருப்பாய், அம்மா குளிக்கிறா என்று நினைத்திருப்பாய். ஒரு வெடிச்சத்தத்துக்கே இப்படி என்றால் துவக்குக் கடைக்குள் கால் வைத்ததும் என்ன நடக்கும்? கை நடுங்கும், முகம் வெளிறும், ஏலாது அப்பா, வீட்ட போவம் என்பாள். நான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. அவளாகவே விட்டுவிடுவாள், நானும் நல்லவனாகவே இருந்துவிடலாம். பயிற்சி வகுப்பில் அவள் சுட்டுப் பழகியிருந்தாள்தான், ஆனால் அது நான் காணாத இடம். நான் காணாததைக் கணக்கில் சேர்க்கவில்லை. பிள்ளை, ஒன்றைச் சொல்லி வைக்கிறேன். உனக்குப் பிடித்தவர்கள் தோற்றுப்போவார்கள் என்று நம்பிக்கொண்டு 'உன் விருப்பம்' என்று சொல்லாதே. வேண்டாம் என்றால் நேரே வேண்டாம் என்று சொல். சண்டை வரும், வரட்டும்.

கடைக்குப் போக வேண்டி வந்தது அவளுடைய ஆய்வுகூடத்தின் பழைய துவக்கால். அது ஆறடி உயர ஆணுக்குச் செய்தது. தோளில் அணைக்கிற மரக்கட்டை அவள் கைக்கு நீளம். சுட்ட இடத்தில் தோள் கருநீலமாகக் கன்றியிருந்தது. அளவானது ஒன்றை நீயே பார்த்து எடு, பணம் நாங்கள் கட்டுகிறோம், ஆய்வுகூடப் பெட்டகத்திலேயே பூட்டி வைக்கலாம் என்று பேராசிரியை சொல்லியிருந்தார். அப்படித்தான் ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை காலை உன்னை மேல்மாடி ரீற்றா அக்காவிடம் விட்டுவிட்டு, மொன்ட்ரியால்-நோர் தாண்டி, பாலத்துக்கு அப்பால் இருக்கிற அந்தக் கடைக்குப் போனோம். "நீங்கள் வராட்டிலும் பறவாயில்லை. காருக்குள்ள இருங்கோ," என்றாள். நான் உள்ளே வருவேன் என்றேன்.

நான் நினைத்திருந்த கடை அதுவல்ல. தும்புத்தடியும் வாளியும் விற்கிற கடை மாதிரி வெளிச்சமாக இருந்தது. ஒரு பக்கம் தூண்டில், ஒரு பக்கம் சப்பாத்து, நாய்க்குச் சாப்பாடு. வாசலுக்குக் கிட்ட ஒரு தட்டில் பிள்ளைகளுக்கான இனிப்புகூட இருந்தது. பின்சுவரில் மட்டும் துவக்குகள், வரிசையாக, பூட்டுப் போட்ட கம்பிக்குப் பின்னால். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்ட ஒரு வயதான மனிதர் மேசைக்குப் பின்னால் நின்றார். போன்ஜூர் மெஸ்யு, உங்களுக்கு என்ன பார்க்க வேண்டும் என்று என்னைக் கேட்டார். "பூர் முவா," எனக்கு என்றாள் அம்மா. அவர் என்னை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார். மேலும் கீழும் பார்த்தார். மான் வேட்டைக்கா என்றார். வாத்து என்றாள். அவர் வாத்துத் துவக்கை எடுக்கத் திரும்பினார். "இல்லை, வாத்தைச் சுட இல்லை. வாத்தை எண்ண. சுடுவதென்றால் பனிக்கரடி, அதுவும் வேறு வழியே இல்லாவிட்டால்," என்று அவளுடைய பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சில் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அந்த மனிதர் கயிற்றில் தொங்கிய கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

அவளுடைய அட்டையைப் பார்த்துவிட்டு ஒரு துவக்கைக் கொண்டுவந்து, திறந்து, உள்ளே வெறுமை என்று காட்டிக் கொடுத்தார். அவள் வாங்கி, குழாயைச் சுவர்ப் பக்கம் திருப்பி, அவர் காட்டிய அதே இடத்தைத் தானும் ஒரு தரம் குனிந்து பார்த்தாள். விரலை விட்டும் தடவிப் பார்த்தாள். "நான் காட்டிய பிறகும் பார்க்கிறவர்கள் குறைவு," என்றார் அவர். அவளுடைய அந்தக் கவனம் எனக்குப் பிடிக்கவில்லை. வேறு யாராவது அப்படிச் செய்திருந்தால் எங்கள் வேலைக்கு ஆள் சரி என்றிருப்பேன். பிறகு முழங்கையை மடித்து, கட்டையின் அடியை முழங்கையின் உள்மடிப்பில் வைத்து, விரல் விசைக்கு எட்டுகிறதா என்று இருவரும் அளந்தார்கள். எட்டவில்லை. அவர் தயங்கித் தயங்கி வேறொன்றைக் கொண்டுவந்தார். அப்பாமார் பையன்களுக்கு வாங்குவது, குறை நினைக்க வேண்டாம் என்றார். "எனக்கென்ன குறை," என்றாள் அம்மா. நான் கதவுப் பக்கமாகப் பின்னுக்கு நின்று அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த விரல் நடுங்குகிறது என்று. அது பார்த்துப் பழகிய பார்வை. இயந்திரத்தில் பூட்டியதை நான் அப்படித்தான் பார்ப்பேன்.

அவள் துவக்கின் முன்பிடியை இழுத்துத் தள்ளினாள். சரக், சரக். வெறும் துவக்கு, வெறும் இரும்புச் சத்தம். அதே நேரம் எனக்குப் பின்னால் கதவு திறந்தது. திரும்பினேன். பச்சையும் மண்நிறமும் திட்டுத்திட்டாக இருக்கிற சட்டை, அதே நிறத்தில் கால்சட்டை, சப்பாத்து. காலை அகட்டி வழியில் நின்ற அந்த ஆள் என்னைப் பார்த்து ஏதோ கேட்டான். இப்போது யோசித்தால், வரிசையில் நிற்கிறீர்களா என்று கேட்டிருக்கிறான்.

நான் தொப்பியைக் கழற்றிக் கைக்கு அடியில், கமக்கட்டில், செருகினேன். வலக்கை கால்சட்டைப் பின்பையிலிருந்து பணப்பையை எடுத்தது, அதிலிருந்து கார் ஓட்டும் அட்டையை எடுத்தது, படம் தெரிகிற மாதிரி நெஞ்சுக்கு நேரே நீட்டியது. இடக்கையை உடம்பிலிருந்து விலக்கி விரித்து வைத்திருந்தேன். அவன் கண்ணைப் பார்க்கவில்லை, சட்டைப் பொத்தானைப் பார்த்தேன். இதெல்லாம் எனக்கு யாழ்ப்பாணத்தில் என் அப்பா பழக்கியது. பஸ் சென்றியில், இராணுவக் காவலரணில், நிற்கும், எல்லாரும் இறங்கி வரிசையில் நடப்போம். ஐசி என்கிற அடையாள அட்டை வலக்கையில், தொப்பி தலையில் இருக்கக் கூடாது, கண்ணைப் பார்க்காதே, கேட்டதுக்கு மட்டும் பதில். பதினேழு வயதில் விமானம் ஏறினேன். அதோடு எல்லாம் முடிந்தது என்று இருந்தேன். யாராவது அந்த நாள்களைப் பற்றிக் கேட்டால் எனக்கு ஒரு பாதிப்பும் இல்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். சொன்னது பொய்யில்லை. எனக்குத் தெரிந்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த ஆள் அட்டையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நான் இங்கே வேலை செய்கிற ஆளில்லையே என்றான், பாவம், மிகவும் மரியாதையாக. என் கை இறங்கவில்லை. இறக்கு என்று எனக்கு நானே சொன்னேன், இறங்கவில்லை. அம்மா அங்கே துவக்கைத் திறந்தபடி, குழாய் சுவரைப் பார்க்க, மேசையில் பக்குவமாக வைத்துவிட்டுத்தான் வந்தாள். ஓடி வரவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"உள்ள வையுங்கோ. அவர் வான்கோழி சுட வந்தவர்."

"ஓம்," என்றேன்.

"தொப்பியைப் போடுங்கோ."

"ஓம்."

பிறகு அந்த ஆளிடம் திரும்பி, மன்னித்துக்கொள்ளுங்கள், என் கணவர் இன்னும் காலைச் சாப்பாடு சாப்பிடவில்லை என்று பிரெஞ்சில் சொன்னாள். அவன் இனிப்புத் தட்டைக் காட்டினான். நான் ஒன்று எடுத்து வாயில் போட்டேன். வேறென்ன செய்ய?

பையன்களுக்கான அந்தத் துவக்கைத்தான் எடுத்தாள். மிச்ச அலுவலெல்லாம் அவளே முடித்தாள். நான் காருக்குள் வந்து இருந்தேன், கார்த் திறப்பைத் துளையில் போட முடியவில்லை. "அங்கால இருங்கோ, நான் ஓட்டுறன்," என்றாள். பாலத்தில் ஏறினோம். கீழே ஆற்றில் ஐஸ் கட்டி ஒன்றிரண்டு மிதந்துகொண்டிருந்தது.

"என்ர கை நடுங்குதோ எண்டு பாக்கத்தானே வந்தனீங்கள்?"

"ஓம்."

"கண்டனீங்களோ?"

"இல்லை. என்ர கையைத்தான் கண்டனான்."

சிரித்தாள். அழுகிற மாதிரியும் இருந்தது. அவளுடைய கண் வீதியில் இருந்ததால் எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

"வாணவேடிக்கைக்கு நீர் குளியலறைக்குள்ள போறனீர்," என்றேன். "அதை வைச்சுத்தான் கணக்குப் போட்டனான்."

"இந்த முறையும் போவன். அந்தச் சத்தம் எப்ப வரும் எண்டு எனக்குத் தெரியாது. எங்கயிருந்து எண்டும் தெரியாது. இது அப்பிடியில்லை. நான் அமத்தினாத்தான் சத்தம் வரும். நான் அமத்தாட்டி வராது." கொஞ்சத் தூரம் போன பிறகு, "பயம் இல்லை எண்டு நான் எப்பவாவது சொன்னனானோ?" என்றாள்.

"எனக்கு உம்மை அனுப்ப விருப்பமில்லை."

"தெரியும். விருப்பத்தோட அனுப்புங்கோ எண்டு நான் கேக்கேல்லை. மூடுபனி, பற்றரி எண்டு சொல்லாமல், பயமா இருக்கு எண்டு சொல்லி அனுப்புங்கோ. எனக்கு அது போதும்."

பயமா இருக்கு என்று சொன்னேன். பாலம் முடிகிற இடத்தில், சிவப்பு விளக்கில். முதல் தடவை. அவள் என் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினாள், பச்சை விழுந்தது. ரீற்றா அக்கா வீட்டில் நீ வாயெல்லாம் சொக்லேற் பூசிக்கொண்டிருந்தாய்.

நான் அதற்குப் பிறகு திருந்திவிட்டேன் என்று நினைக்காதே. அவள் போன நாளிலிருந்து நான் நித்திரையில்லாத ஆள். ஒருவருடைய பயம் விளங்கிவிட்டால் அது போய்விடும் என்று சொல்கிறவர்கள் ஏதாவது விற்க வந்தவர்களாக இருப்பார்கள். இன்று காலை மாதா கோவிலில் பூசை முடிய, தேத்தண்ணி குடிக்கிற இடத்தில், அங்கே வழக்கமாகக் காண்கிற அன்ரன் அண்ணை எல்லாருக்கும் கேட்கக் கேட்டார், "என்ன தம்பி, மனிசியை ஆமிக்கு விட்டிட்டியாம்?" "ஓம் அண்ணை, வாத்துப் படை," என்றேன். சிரித்தார்கள். அவருடைய மனைவி, "பிள்ளையை ஆர் பாக்கிறது?" என்றார். நான்தான் என்றேன். "நீயோ?" என்றார். அந்த ஒரு சொல்லில் உன் இரண்டு பக்கமும் கோணலாக இருந்த சடை, மாறிப் போட்ட சப்பாத்து எல்லாம் அடங்கியிருந்தது. எனக்குக் கோபம் வந்தது. ஆனால் வீட்டுக்கு வருகிற வழியில் மெற்றோவில் நினைத்தேன், நான்கூட அவளைப் பற்றி அதே தொனியில்தான் நினைத்திருந்தேன். நீயோ? துவக்கோ?

செய்தி இன்னும் வரவில்லை. இதை எழுதத் தொடங்கியபோது பற்றரியாக இருக்கும் என்று நினைத்தேன். இப்போது அப்படி நினைக்க முடியவில்லை. ஆய்வுகூடத்துக்கு எடுத்துக் கேட்கலாம், ஞாயிற்றுக்கிழமை யார் இருப்பார்கள்? வெள்ளை நிறத்தில், வெள்ளைப் பாறைக்குப் பின்னால், காற்றுக்கு எதிராக வருகிற ஒன்றை எந்தக் கண்ணால் பார்ப்பது? அவளுக்குத் தோள் கன்றியிருக்குமோ? துவக்கு ஈரத்தில் இறுகியிருக்குமோ? பார், மறுபடியும் மூடுபனி, பற்றரி என்று தொடங்கிவிட்டேன். பயமாக இருக்கிறது, பிள்ளை. அவ்வளவுதான்.

மேலே உள்ள வரிக்கும் இதற்கும் நடுவில் நீ எழும்பிவிட்டாய், உனக்குப் பால் காய்ச்சினேன், அது பொங்கி அடுப்பில் ஊற்றியது. துடைத்துக்கொண்டிருக்கும்போதுதான் தொலைபேசி சத்தம் போட்டது. அம்மா ஆங்கில எழுத்தில் தமிழை அடித்து அனுப்புவாள். அதைத் தமிழில் தருகிறேன்: "நேரம் பிந்திப் போச்சு, குறை நினையாதேங்கோ. கரடி ஒண்டு வந்தது. சத்த வெடி ஒண்டு போட்டனான், திரும்பி நீந்திப் போயிட்டுது. எல்லாரும் சுகம். பிள்ளை சாப்பிட்டவளோ?"

சாப்பிட்டாள், கொட்டினாள் என்று பதில் போட்டேன். அதற்குப் பிறகு தரையில் உனக்குப் பக்கத்தில் இருந்தேன். நீ என்னிடம், அப்பா ஏன் கீழ இருக்கிறீங்கள் என்று பிரெஞ்சில் கேட்டாய்.

இனி உன் முறை. நீ எங்கே போகப் புறப்படுகிறாயோ, எனக்குக் காரணங்கள் இருக்கும். நல்ல காரணங்களாக இருக்கும், ஒன்றோடொன்று பொருந்தி நிற்கும், நீ ஒன்றைத் தட்டினால் நான் அடுத்ததை எடுப்பேன். தொழில் அப்படி. அவற்றோடு வாதாடி நேரத்தை வீணாக்காதே. இதை எடுத்து என் முன்னால் வை. நான் வாசிக்க மாட்டேன் என்று அடம்பிடித்தால், 'அப்பா, பயமா இருக்கோ?' என்று கேள். நான் ஓம் என்று சொல்லும்வரை நில். அது மட்டும் எனக்காகச் செய், சொல்லாமல் போய்விடாதே.

சொன்ன பிறகும் நான் வழியில் நின்றால், என் கைகளைப் பார். வலக்கை அதுபாட்டுக்குப் பின்பைக்குள் போயிருக்கும். அம்மா செய்த மாதிரி மணிக்கட்டைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கிவிடு. தொப்பி கமக்கட்டில் இருந்தால் தலையில் போட்டுவிடு. பிறகு, போயிட்டு வாறன் அப்பா என்று சொல்லிக் கதவைத் திற.